போன் குரல்

எங்கள் சிட்னிக் கல்லூரியில் வசந்தகாலத் தவணை செப்டெம்பரில் தொடங்கும். முதல் கிழமையின் ஐந்து நாளுக்குள் மாணவர்கள் விரும்பினால் வகுப்பு மாறலாம். அவர்களுக்கு அது சலுகை. தவணைக்குத் தவணை வேலைக்கு எடுக்கப்படும் என்னைப் போன்றவர்களுக்கு வேலையே போய்விடக்கூடிய விஷயம். எட்டுப் பேருக்குக் குறைந்தால் அந்த வகுப்பை இன்னொன்றோடு சேர்த்துவிடுவார்கள். ஆசிரியர் வீட்டுக்குப் போய் அடுத்த தவணை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது கல்லூரி. ஆங்கிலம் படிக்க வருபவர்களில் பாதிக்கு மேல் ஜப்பானியர். சிட்னியில் தங்களுக்குப் படிப்பிக்கப் போகிறவர் எப்படி இருப்பார் என்று விளம்பரப் படத்தின் வெள்ளைக்கார முகங்களில் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். கதவைத் திறந்துகொண்டு நான் உள்ளே போனால், அந்த முகங்கள் ஒரு கணம் என்னைத் தாண்டிப் பார்க்கும், உண்மையான ரீச்சர் பின்னால் வருகிறாரா என்று. எத்தனையோ தவணையாக இதைப் பார்க்கிறேன். இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

அந்தத் தவணை பத்துப் பேரோடு தொடங்கியது. திங்கட்கிழமை என் வழக்கமான ஆங்கிலத்தில் படிப்பித்தேன். யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலம் அது. ஒரு எழுத்தையும் விழுங்காமல் சொல்லை முழுசாகச் சொல்லும். முன்வரிசையில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி ஒருவர் இருந்தார். ஒசாகாவில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருந்தவர், இப்போது இங்கே கல்யாணம் கட்டிய மகளோடு இருக்கிறார். காற்றில் பறக்கும் மகரந்தத்துக்குப் பயந்து முகக்கவசம் போட்டிருந்தார். அன்று முழுக்க வாய் திறக்கவில்லை, ஆனால் நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டே இருந்தார்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பொடியன்கள் பக்கத்து வகுப்புக்கு மாறிப் போனார்கள். அங்கே படிப்பிப்பவர் பொன்னிறத் தலைமுடிக்காரர், இந்த வேலைக்கே புதியவர். நல்ல பிள்ளைதான். அவர்மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை என்று சொன்னால் பொய்.

வரவேற்பில் இருப்பவள் தமிழ்நாட்டுப் பெண். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, இன்னும் ஒருத்தர் போனாக்கூட உங்க கிளாஸ மெர்ஜ் பண்ணிடுவாங்க. பாத்துக்கங்க."

"நான் என்னத்தைப் பாக்கிறது? போறவையின்ரை காலிலை விழுந்து மறிக்கிறதோ?" என்றேன். அவள் மீது சீறி என்ன பயன்? ஆனாலும் சீறினேன்.

அன்று பின்னேரம் சமைத்துக்கொண்டே மறுநாள் பாடத்தை வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ரகரங்களை விழுங்கினேன். உயிரெழுத்துகளை இழுத்தேன். வசனத்தின் முடிவைக் கேள்வி போலத் தூக்கினேன். சாப்பிட வந்த மகள் சிரித்தாள்.

"அம்மா, தட்ஸ் யுவர் போன் வொய்ஸ்!"

உண்மைதான். மின்சாரக் கம்பனியோடும் வங்கியோடும் கதைக்கும்போது வரும் குரல் அது. என் சொந்தக் குரலில் கதைத்தால் எதிர்முனையில் "பார்டன்?" என்று கேட்பார்கள். இந்தக் குரலில் கேட்பதில்லை. சிட்னிக்கு வந்த பிறகு நானாகப் பழகிக்கொண்டது.

"சிரிக்காமல் சாப்பிடு," என்றேன்.

புதன்கிழமை அந்தக் குரலோடு வகுப்புக்குப் போனேன். தெருவோர மரங்களின் பஞ்சு தொண்டையில் அரிக்க, மணிக்கணக்காக இழுத்து இழுத்துப் பேசினேன். முன்வரிசைப் பெண்மணி எழுதுவதை நிறுத்திவிட்டார். விளங்குகிறதா என்று கேட்டேன். "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினார். ஜப்பானியரின் அந்தத் தலையாட்டலுக்கு, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதான் பொருள். விளங்கியது என்று பொருளில்லை. புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். பயம் பிடித்த அன்று அது எனக்கே மறந்துபோயிற்று. அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை, மாறப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் இழுத்தேன்.

வியாழக்கிழமை காலையில் வரவேற்புப் பெண் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. ஒரு கம்ப்ளைன்ட் வந்திருக்கு. டீச்சர் பேசற இங்கிலீஷ் புரியலயாம். ஆக்சன்ட் பிரச்சனையா இருக்கும்னு மேனேஜர் சொன்னாரு. நாளைக்கு உங்க கிளாஸ்ல வந்து உக்காரப் போறாரு."

"ஆர் சொன்னது?"

"அத சொல்லக்கூடாதுக்கா."

இத்தனை தவணை படிப்பித்தும் கடைசியில் இதுதானா என்று அவமானமாக இருந்தது. திங்கட்கிழமை பேசிய பேச்சுத்தான் காலை வாரிவிட்டது என்று முடிவு கட்டினேன். அன்று போன் குரலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை மனேஜர் கடைசி வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். குசினிக் குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் முறையிடுவது எப்படி என்பதுதான் பாடம். வசனத்தைச் சொன்னேன். ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை. மறுபடி சொன்னேன்.

அப்போது முன்வரிசைப் பெண்மணி கையைத் தூக்கினார். முகக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்தார். எழுந்து நின்று, எனக்கு ஒருமுறை குனிந்து வணங்கிவிட்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"சொறி, ரீச்சர். மண்டே ரீச்சர்... ஐ அண்டர்ஸ்டான்ட். வென்ஸ்டே ரீச்சர், டுடே ரீச்சர்... நோ. ஐ டோல்ட் ஒஃபிஸ். வெரி சொறி." மறுபடி குனிந்தார்.

முறைப்பாடு கொடுத்தது அவர்தான். திங்கட்கிழமைக்காக அல்ல.

நன்றி தோன்றவில்லை, கோபம்தான் வந்தது. நடிக்கிறேன் என்பதை மனேஜருக்கு முன்னால் போட்டு உடைத்துவிட்டாரே என்ற கோபம். ஆனால் அவருடைய குறிப்பேட்டில் அந்த வசனங்களை அடித்து அடித்து எழுதியிருப்பதைப் பார்த்தேன். பாவம், எத்தனை தடவை ஒத்திகை பார்த்தாரோ!

தொண்டையைச் செருமிக்கொண்டு, குழாய் ஒழுகும் வசனத்தை என் ஆங்கிலத்தில், ரகரம் எல்லாம் உருள, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். என் குரலைத் தேடிப் பிடிப்பதே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. வகுப்பு திருப்பிச் சொன்னது.

பாடம் முடிந்ததும் மனேஜர் கதவடியில் காத்து நின்றார்.

"உங்கள் வகுப்பு இருக்கும்," என்றார் ஆங்கிலத்தில். காது சிவந்திருந்தது. "அந்த முறைப்பாட்டைக் கேட்டபோது, நான் நினைத்தேன்..."

மிச்சத்தைச் சொல்லாமல் நிறுத்திவிட்டார். சொல்லட்டும், நன்றாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். ஆனால், என் உச்சரிப்பில்தான் பிழை என்று அவர் நினைத்ததைத்தான் நானும் நினைத்தேன். அதுவும் அவருக்கு முன்பே, செவ்வாய்க்கிழமையே.