ஆர்டர் வருமுன் தைத்த பட்டை

என் மனைவியின் கைப்பேசியில்தான் அந்தப் படத்தை முதலில் பார்த்தேன். மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், தன் வீட்டுச் சுவரோரம் விறைப்பாக நிற்கிறார். தலையில் சிவப்புத் தொப்பி. பக்கத்தில், பெங்களூருக்கு நர்சிங் படிக்கக் கிளம்பும் மகள். மச்சானின் சட்டைக் கையில் ஏட்டுக்கான மூன்று பட்டை. முந்தின நாள் மாலை நான் தைத்துக் கொடுத்தது. படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் இன்னும் ஏட்டு ஆகவில்லை.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் என் தையல் கடை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கம்பெனி ஆட்களின் சீருடைதான் பிழைப்பு என்றாலும், மச்சான் அழைத்துவந்த போலீஸ்காரர்கள் சிலரும் உண்டு. யாருக்கு மேல் யார் என்பதை அவர்கள் சட்டையை வைத்தே தெரிந்துகொண்டேன். வெறுங்கை என்றால் கான்ஸ்டபிள். மூன்று பட்டை என்றால் ஏட்டு. அதற்கு மேலே தோளில் நட்சத்திரம்: ஏஎஸ்ஐக்கு ஒன்று, எஸ்ஐக்கு இரண்டு, இன்ஸ்பெக்டருக்கு மூன்று. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் வம்பு என்று பயந்து, ஊசியில் நூல் கோக்குமுன் மூன்று தரம் கேட்பேன். சிரிப்பார்கள்.

மச்சான் இருபது வருடத்துக்கு மேல் வெறுங்கையோடு நின்றவர். வீராம்பட்டினம் தேருக்குக் கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒதுக்குவதும், கோர்ட்டுக்குக் கைதியோடு பஸ் ஏறுவதும் அவர் வேலை. “கான்ஸ்டபிளுக்குக் கால் வலி, ஏட்டுக்குத் தல வலி மாப்ள” என்பார். நிறுத்திய இடத்தில் நின்றால் கான்ஸ்டபிள் கடமை முடிந்தது. ஏட்டு அப்படியில்லை. பாரா காவலில் யார், லாக்கப்பில் எத்தனை பேர், துப்பாக்கி யார் கையில் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏதாவது ஆனால் முதலில் அந்தக் கையெழுத்துக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். கேட்கும்போதே எனக்கு வியர்க்கும். அவரோ அந்தத் தலைவலிக்காகத்தான் காத்திருந்தார்.

பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டுதான் அன்று சட்டையோடு வந்தார். ஆர்டரில் கையெழுத்து மட்டும் பாக்கி. மகள் மறுநாள் கிளம்புகிறாள், பட்டையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறாள் என்றார். ஆர்டர் வரட்டுமே என்று இழுத்தேன்.

“ஸ்டேஷனுக்கா போட்டுக்கினு போப்போறேன்? வூட்டுக்குள்ள ஒரு போட்டோ. எடுத்ததும் பிரிச்சிடு.”

தைத்தேன். மறுநாள் அவரே பிரித்தும் விட்டார். ஆனால் மகள் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். மதியத்துக்குள் ஸ்டேஷன் முழுக்கப் பார்த்துவிட்டது. இல்லாத பதவியின் சின்னத்தை அணிந்ததற்கு எழுத்தில் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. விசாரணை முடியும் வரை அவர் பெயர் மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

நான் கடையிலிருந்த பட்டைகளை எல்லாம் ஒரு பையில் கட்டிப் பரணில் போட்டேன். வாசலில் எந்த வண்டி நின்றாலும் மிஷினிலிருந்து கால் தானாக இறங்கிவிடும்.

மூன்றாம் நாள் மச்சான் வந்தார். உட்காரவில்லை. கூட வேலை செய்கிறவர் யாரோ யோசனை சொல்லியிருக்கிறார். ஏட்டு ஒருவரின் சட்டையும் இவர் சட்டையும் கடையில் மாறிவிட்டன, பட்டையைத் தவறிப்போய் இதில் தைத்துவிட்டேன் என்று நான் ஒரு கடிதம் கொடுத்தால் போதுமாம்.

“உன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்க மாப்ள. நீ டிபார்ட்மெண்ட் ஆளா? கைத்தப்புன்னு ரெண்டு வரி. அவ்ளோதான்.”

பொய் சொல்லக் கூடாது என்று நான் மறுத்திருந்தால் இன்று நிம்மதியாக இருப்பேன். எனக்கு வந்தது பயம் மட்டும்தான். நாளைக்கு அந்த ஏட்டு யார் என்று கேட்டால்? கடையை மூடச் சொன்னால்? “எழுத்துல மட்டும் கேக்காதீங்க மச்சான்” என்றேன்.  அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மகள் ஆசைப்பட்டாள், பட்டையைப் போட்டுக்கொண்டது நான்தான் என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாராம். யார் தைத்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு மட்டும் தானே கையால் தைத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். இதை என் மனைவிதான் சொன்னாள், அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமல். அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் எல்லாம் ஏட்டானார்கள். மச்சானுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் கையெழுத்துப் போட, அவர் மேலும் நான்கு வருடம் பாரா நின்றார்.

போன மாதம் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்திருந்தார். டியூட்டி முடிந்து நேராக வந்ததால் சீருடையில் இருந்தார். கையில் மூன்று பட்டை. ஆர்டர் வந்ததே எனக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். “ஆர்டர் வந்தப்புறம் தச்சதுதான் மாப்ள. பயப்படாத” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

வேறு யாரோ தைத்தது. இடது கையில் நடுப்பட்டை ஒரு நூல் அளவு கீழே இறங்கியிருந்தது. கழற்றிக் கொடுங்கள், ஐந்து நிமிடத்தில் சரி செய்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். அடுத்த பரேடில் எந்த அதிகாரியாவது அந்தக் கோணலைக் கவனித்து அவரை நிறுத்திக் கேட்டுவிடுவாரோ என்று தினமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.