ஆவி சீறாத காலை

குடியை விட்டான். கோபித்துக்கொண்டு போன மனைவியைத் திரும்ப அழைத்து வந்தான். நரைக்கத் தொடங்கிய வயதில், சபையார் உதவியோடு வேதத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றான். மருத்துவமனைத் துணி வெளுக்கும் கூடத்தில் பாய்லரே அவன் பொறுப்புக்கு வந்தது. இதில் ஒன்றும் நடக்காது என்றார்கள் சொந்தக்காரர்கள். அத்தனையும் நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவன் அக்கா. பாய்லர் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் வேலை செய்யும் இஸ்திரி அறை.

தம்பியிடம் எதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. தினமும் அழுத்தம் ஏறியதும், மிஞ்சிய ஆவியை வெளியே விட்டு பாய்லர் வெடிக்காமல் காக்கும் பாதுகாப்பு வால்வின் கைப்பிடியைப் பிடித்தபடி ஜெபிப்பான், முடித்ததும் இழுப்பான். ஆவி சீறும்.

"பாஸ்டர் சொன்னாத்தான் பாய்லரும் ஆமென் சொல்லுது," என்று அவனைக் கேலி செய்து இஸ்திரிப் பெண்கள் சிரிப்பார்கள்.

அன்று சீறவில்லை.

அக்கா எட்டிப் பார்த்தாள். தம்பி அடுப்பிலிருந்த நெருப்பை வெளியே வாரிக்கொண்டிருந்தான். அழுத்தம் காட்டும் முள் இறங்காமல் நின்றது. மேனேஜர் வாசலை மறித்து நின்றார்.

"வால்வு இறுகிப்போச்சுன்னு எனக்கும் தெரியுதுப்பா. சாயங்காலம் ஆபரேஷனுக்குத் துணி போகணும். இன்னைக்கு ஒரு நாள் ஓட்டு."

"முடியாது சார்."

அக்கா தம்பியருகே போனாள். இந்த வேலையும் போனால் அவன் பழையபடி ஆகிவிடுவானோ?

"ஒரு நாள்தானேடா," என்றாள் மெதுவாக.

"சுவருக்கு அந்தப் பக்கம் நீதான்க்கா நிக்கிற. முதல்ல எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போ."

பெண்களை வெளியே அனுப்பிவிட்டு அவள் திரும்பி வந்தாள். சுவருக்குள் எங்கேயோ குழாய் முனகியது.

"அப்ப வேலையை விட்டுட்டுப் போ. வேற ஆளு வந்து மூட்டுவான்," என்றார் மேனேஜர்.

"போறேன் சார். ஆனா வால்வு வேலை செய்யல, அதான் நிறுத்துனேன்னு எழுதுங்க. இது தெரியாம ஒருத்தன் வந்து மூட்டக் கூடாது. இதை மறைச்சுட்டுப் போனா நாளைக்கு எந்த முகத்தோட நான் ஜெபிக்கிறது?"

மேனேஜர் அவனையே பார்த்தார். பிறகு முள்ளைப் பார்த்தார். காகிதத்தை எடுத்து அவன் சொன்னபடியே எழுதினார்; வழக்கம்போல கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். தம்பி அதை மூடி வைத்துவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கினான். முள் இன்னும் இறங்கவில்லை. அவன் அவசரப்படாமல், ஓர் எழுத்தும் விடாமல் பெயரை எழுதினான். அடியில் தேதியும் போட்டான்: 2003 ஆகஸ்ட் 11.