வழுக்கைக்கு ஏற்ற வெளிச்சம்

கல்யாண வீடியோ எடுப்பவன் ஊரிலுள்ள எல்லாத் தலைகளையும் பார்ப்பான், அவன் தலையை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பித்தான் பாறசாலையில் இந்தத் தொழிலைத் தொடங்கினேன். குளித்ததும் துண்டை உதறி உற்றுப் பார்க்கும் அன்பர்களே, இனிச் சொல்வது உங்களுக்குப் புரியும்.

சஜினின் திரை

இருபத்தெட்டு வயதில் என் தலையின் முன்பக்கம் காலியானது. அந்த நாட்களில் அடிக்கடி ஒரு கனவு: என் முடியெல்லாம் நெய்யாற்றின் அடியில் பாசிபோல அசைந்துகொண்டிருக்கும், கை நீட்டினால் விலகிப் போகும். விழித்துப் போனைத் திறந்தால் முடி எண்ணெய் விளம்பரம். என் கனவு அதற்கு எப்படித் தெரிந்ததோ!

பெருங்கடவிளையில் ஒரு சர்ச் கல்யாணம். மணமக்களுக்கு முன்னால் குனிந்து பின்வாக்கில் நடந்தே படமெடுத்தேன். இரண்டாவது கேமராவில் பதிந்ததை எடிட்டர் சஜின் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “அண்ணா, எல்லா ஷாட்டுலயும் ஒரு நிலா உதிக்குது. அது நீங்களாக்கும்.”

வெள்ளறடை மழை

எங்கள் ரீல்ஸில் நானே முகம் காட்டிப் பேசினால்தான் ஆள் வரும் என்றான் சஜின். வழுக்கையை மறைக்கும் கருப்புப் பொடியும் அவனே வாங்கித் தந்தான். தூவிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால் பழைய நான் நின்றிருந்தேன். அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

வெள்ளறடையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே மணமகனைப் படமெடுக்கும்போது மழை பிடித்தது. இலைகளில் அது விழும் ஓசையில் மயங்கி நின்றுவிட்டேன். மணமகனின் அத்தை குடையோடு ஓடிவந்து, என் நெற்றியில் வழிந்ததைப் பார்த்துப் பதறினார்: “மக்கா, நெத்தியில எறும்பு வரிசை போவுதே, தட்டி விடட்டா?”

ஷீபா

அதற்குப் பிறகு தொப்பி. தொப்பியோடுதான் ஷீபாவையும் ஜெபினையும் ஆற்றங்கரையில் சந்தித்தேன், கல்யாணத்துக்கு முந்தைய காதல் வீடியோவுக்காக. விடிந்து கொஞ்ச நேரம்தான். தண்ணீர்மேல் பனி அசையாமல் நின்றது. ஷீபா பாலராமபுரம் சேலை உடுத்தியிருந்தாள். காற்று வீசும்போதெல்லாம் அவள் கை தலைக்குப் போனது.

“அண்ணா, இது விக்காக்கும்” என்றாள். “முடி வட்டம் வட்டமா கொட்டி, பின்ன எல்லாம் போச்சு. ஜெபினுக்குத் தெரியும். அவங்க அம்மைக்கு இன்னும் சொல்லல்ல.”

நான் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். அவள் என் தலையைப் பார்த்தாள், பிறகு ஆற்றைப் பார்த்தாள். மெல்ல விக்கை எடுத்து ஜெபின் கையில் கொடுத்தாள். தூங்கும் பூனைக்குட்டியைப் போல அவன் அதை மார்போடு வைத்துக்கொண்டான். பனி வழியே வந்த வெயில் அவள் தலையில் படர, அவள் கண்ணை மூடிச் சிரித்தாள். எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று நினைவில்லை.

அந்த வீடியோவிலிருந்து நான் எடுத்துக் கொடுத்த ஒரு படத்தை இருவருமே ஜெபினின் அம்மாவிடம் காட்டினார்கள். மறுநாள் அவர் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார். கல்யாணம் நின்றுவிட்டது, காரணம் நான் என்றே நினைத்தேன். கம்ப்யூட்டரில் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “மக்கா, இத பெரிசாக்கி மண்டப வாசல்ல வைக்கணும். பாக்க உள்ளவங்க அங்கயே பாத்துத் தீக்கட்டும். சோறு திங்கும்போ எனக்க மருமவளுக்க தலைய ஆரும் நோக்கப்பிடாது.”

ஒரு போன்

அந்த வாரமே ரீல்ஸில் வெறுந்தலையோடு பேசினேன். பார்த்தவர்கள் குறைவு. ஆனால் நெய்யாற்றின்கரையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார், முப்பத்தாறு வயதாம். முடியில்லாதவரை நல்ல வெளிச்சத்தில் எடுப்பீர்களா என்று கேட்டார். எடுப்பேன் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அப்பம் கல்யாணத்துக்கு சம்மதம்னு வீட்டுல சொல்லிரட்டா?”

மிச்சமிருக்கும் முடிக்காகக் கவலைப்படும் பொறுப்பை இப்போது என் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டேன், எனக்கு இது கல்யாண சீசன்.