கயிறு வாங்காமலே வளர்த்த நாய்

மெஷின்ல ஊத்தற கூலன்ட் எண்ணெய் வாசம்... எத்தனை தடவை சோப்பு போட்டாலும் கையை விட்டுப் போகாது. நைட் ஷிப்ட் முடிச்சு காலையில ரூமுக்கு வந்தா, சுட்டி முதல்ல என் கையைத்தான் மோந்து பாக்கும். அப்புறம் ஒரு தும்மல். அப்புறம் நேரா கேட்டுக்கு ஓடும்.

வாக்கிங் போகணுமாம்.

அப்போ எனக்கு இருபத்தி நாலு வயசு. சிங்காரப்பேட்டையில இருந்து ஓசூர் வந்து, சிஎன்சி ஆபரேட்டரா சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு. ஊருக்கு வெளிய ஒரு லேஅவுட்ல ஒத்தை ரூம். பாதி வீடு, பாதி காலி பிளாட்டு. நடுவுல யாரோ விடாம பயிர் வெச்ச கேழ்வரகு. ஜல்லி கொட்டி அப்படியே விட்டுட்டுப் போன ரோடு. சுட்டி எங்க கம்பெனி கேன்டீன் பின்னாடி கிடந்த குட்டி... டீ கலர்ல இருக்கும்.

அதுக்கு நான் கயிறே வாங்கலை. அதுல ஒரு பெருமை வேற. "விசில் அடிச்சா வந்து நிக்கும் பாரு"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்குவேன். பாதி நேரம் வரும். மீதி நேரம் வராது. அதை மட்டும் யார்கிட்டயும் சொன்னதில்லை.

ரெண்டு வீடு தள்ளி ரத்னம்மாக்கா இருந்தாங்க. வீட்ல தெலுங்கு, எங்ககிட்ட தமிழ், மளிகைக் கடையில கன்னடம். ரோஜாப் பண்ணையில பூ வெட்டற வேலை. காலையில ஏழு மணிக்கு மெயின் ரோட்டுக்கு பண்ணை வேன் வரும். அவங்க டிபன் பையோட வேக வேகமா போற நேரமும், நான் தூக்கக் கலக்கத்துல சுட்டி பின்னாடி நடக்கற நேரமும் ஒண்ணு.

ரெண்டு தடவை நின்னு சொன்னாங்க.

"தம்பி, எனக்கு சின்ன வயசுல இருந்தே நாய்ன்னா பயம்ப்பா. ஒரு கயிறு போட்டுப் புடிச்சுக்கோயேன்."

"ஒண்ணும் பண்ணாதுக்கா. சும்மா விளையாடும்."

"விளையாடுதுன்னு உனக்குத் தெரியும். எனக்கெப்படிப்பா தெரியும்?"

நான் சிரிச்சுக்கிட்டே போயிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் நல்ல பனி. எதிர்ல வர்றவங்க பக்கத்துல வந்தாத்தான் தெரியும். சுட்டிக்கு டிபன் பை வாசம் வந்திருக்கும் போல... ஒரே ஓட்டம். நான் விசில் அடிச்சேன். நிக்கலை.

கடிக்கலை. கீறக்கூட இல்லை. சந்தோஷத்துல முன்னங்காலைத் தூக்கி மேல போட்டுச்சு, அவ்வளவுதான். அக்கா பயத்துல பின்னாடி சாஞ்சு ஜல்லியில வலது கையை ஊனி விழுந்தாங்க.

மணிக்கட்டு உடைஞ்சிருச்சு.

ஆட்டோவுல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். வழி பூரா என்னை ஒரு வார்த்தை திட்டலை. "வேன் போயிருக்கும்... வேன் போயிருக்கும்"னு அதையேதான் சொல்லிக்கிட்டு வந்தாங்க. மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம்னாங்க. பூ வெட்டற கை அது.

லேஅவுட்ல எல்லாரும் பேசினாங்க. பேசாம இருப்பாங்களா? "நாயை வெச்சுக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு நாய்?"னு ஒருத்தர் என் காதுபடவே சொன்னார். எனக்கு அப்படி ஒரு ரோஷம். தப்பு பண்ணவனுக்குத்தான் ரோஷம் ஜாஸ்தி வரும் போல.

அந்த ஞாயித்துக்கிழமையே சுட்டியை பைக்ல முன்னாடி உக்கார வெச்சு குருபரப்பள்ளிக்குக் கொண்டு போனேன். அங்க என் கூட ஐடிஐ படிச்சவன் ஒருத்தன் ஹைவே ஓரமா பஞ்சர் கடை வெச்சிருந்தான். "நீ வெச்சுக்கடா"ன்னேன். அவன் ஒரு நைலான் கயிறு எடுத்து சுட்டி கழுத்துல கட்டினான். அதுக்கு அது என்னன்னே புரியலை. நான் கிளம்பறப்ப பின்னாடியே வரப் பாத்து, கழுத்து இழுபட்டு நின்னுச்சு.

நான் திரும்பிப் பாக்காம வந்துட்டேன்.

நாலாம் நாள் போன் வந்துச்சு. "கயித்தைக் கடிச்சுட்டு ரோட்ல ஏறிருச்சுடா... லாரி." அவன் அழுதான். நான் அழலை. ஷிப்டுக்குப் போயிட்டேன்.

அந்த வாரம் தண்ணிக் குழாய்கிட்ட ரத்னம்மாக்கா நின்னாங்க. இடது கையில குடம்.

"ஏன் தம்பி, நாயைக் காணோம்?"

சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். அவங்க இனிமே பயப்பட வேணாம்ங்கற மாதிரி, ஏதோ நல்லது செஞ்சவன் மாதிரிதான் ஆரம்பிச்சேன்... ஆனா அப்படி முடிக்க முடியலை.

குடத்தைக் கீழ வெச்சாங்க. "தாடே கதா அடிகிந்தி!"ன்னு தெலுங்குல கத்தினாங்க. அப்புறம் தமிழ்ல, மெதுவா... "கயிறுதானேப்பா கேட்டேன். அதைக் கொண்டு போயி விடச் சொன்னேனா?"

எலும்பு உடைஞ்சப்ப திட்டாதவங்க அன்னைக்குத் திட்டினாங்க. அதுக்கப்புறம்தான் நான் ரூமுக்குள்ள போய் அழுதேன்.

அவங்க கை கூடிருச்சு. ஆனா பழைய பிடி இல்லை. பண்ணையில பேக்கிங் பக்கம் மாத்திட்டாங்க. நான் வேற நாய் வளர்க்கலை.

இப்போ அந்தப் பக்கமே அடையாளம் தெரியலை. நானும் அபார்ட்மென்ட்டுக்கு வந்தாச்சு. பார்க்ல நாய் வரக்கூடாதுன்னு போர்டு, கேட்ல கேமரா, வாட்ஸ்அப் குரூப்ல வாரம் தவறாம நாய்ச் சண்டை. நாய் அசிங்கம் பண்ணின இடத்தை போட்டோ எடுத்து, வட்டம் போட்டு அனுப்பறாங்க. நேர்ல பாத்தா யாரும் யார்கிட்டயும் பேசறதில்லை. படிச்சுப் படிச்சு அலுத்துப் போச்சு.

போன வாரம் மூணாவது மாடிக்காரர் குரூப்ல போட்டிருந்தார். "எல்லாருக்கும் திருப்தியா? நாளைக்கே நாயை எங்கயாவது விட்டுடறேன்."

ஷிப்ட் முடிஞ்சு வந்து செருப்பைக்கூட கழட்டலை. லிப்ட் வேற வேலை செய்யலை. மூணு மாடி ஏறிப் போய் பெல் அடிச்சேன். அவருக்கு என்னை யாருன்னே தெரியாது.

"கோபத்துல அனுப்பிடாதீங்க சார்"னேன்.

என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "யோசிக்கறேன்"னு சொல்லிக் கதவைச் சாத்திட்டார்.

சுட்டியைக் கொண்டு போய் விடறதுக்கு முன்னாடி என் ரூம் கதவைத் தட்டி யாராவது இப்படிச் சொல்லியிருந்தா... நானும் இதையேதான் சொல்லிக் கதவைச் சாத்தியிருப்பேன்னு நினைக்கறேன்.

படியில இறங்கறப்ப முட்டி வலிச்சுது. நடு மாடியில கொஞ்ச நேரம் உக்காந்துட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.