ஸஹீதாவின் சுவரில் ஓர் ஆணி

ஏறாவூரில் வீடு என்பது பெண்ணுடையது. பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து குடியேறுவான். அஸ்கரும் அப்படித்தான் வந்தான். வந்த மூன்றாம் மாதமே கட்டாருக்குப் போனான். பதினாறு வருசம் அங்கே. இரண்டு வருசத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு. எல்லா லீவையும் ஒன்றாகச் சேர்த்தாலும், மனைவியின் வீட்டில் அவன் ஒரு வருசம்கூட முழுதாக இருந்ததில்லை. இந்தத் தை மாதம்தான் ஒரேயடியாகத் திரும்பி வந்தான்.

வந்த நாளிலிருந்து அவனுக்கு முன் ஹோல்தான் நினைப்பு. முன் ஹோல் ஒரு விசித்திரமான இடம். வீட்டில் இருப்பவர்கள் அங்கே உட்காருவதில்லை. அங்கே உட்காருபவர்கள் அந்த வீட்டில் இருப்பதில்லை. ஸஹீதாவின் ஹோலில் ஆறு கதிரை, ஒரு சிறு மேசை, உள்ளே போகும் வாசலில் ஒரு திரைச்சீலை. சுவர் நான்கும் வெறுமை.

"பதினாறு வருசம் ஹோட்டல் லொபியில நிண்டவன் நான். ஹோல எப்பிடி வைக்கிறெண்டு எனக்குத் தெரியாதா?"

"ஹோட்டலுக்கு வாறவன் ரெண்டு நாளையில போயிருவான். இங்க நான் இரிக்கிறன்," என்றாள் ஸஹீதா. "அம்ஜத் காக்கா தன்ட கையால பூசின சுவரு இது. ஒரு கலண்டர்கூட நான் கொழுவல்ல."

அம்ஜத் அவளுடைய மூத்த சகோதரன், மேசன். தங்கைக்காக ஒவ்வொரு கல்லையும் அவரே வைத்தார். திரைச்சீலைக் கம்பிக்கு அவர் அடித்த இரண்டு ஆணியைத் தவிர அந்த ஹோலில் வேறு ஆணி கிடையாது.

அஸ்கர் மூன்று நாள் கெஞ்சினான். ஒரு சுவர், ஒரே ஓர் ஆணி, ஒரு பெரிய கண்ணாடி. ஹோல் இரண்டு மடங்காகத் தெரியும். நாலாம் நாள் ஸஹீதா தீர்ப்புச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை காக்கா வாறார். அவர்ட வாயால நல்லாயிருக்கெண்டு வந்தா கண்ணாடி நிக்கும். இல்லாட்டி கோழிக்கூட்டுக்குக் கதவாப் போகும்."

கண்ணாடி காத்தான்குடியில் கிடைத்தது. அஸ்கரை விட உயரம். கல்லடி ரதீஸின் ஓட்டோவில் பின் சீட்டில் அதைக் குறுக்கே சரித்து வைத்து, கட்டிப் பிடித்துக்கொண்டு அஸ்கர் உட்கார்ந்தான்.

"நானா, மற்றப் பக்கம் திருப்பிப் பிடிங்க," என்றான் ரதீஸ். "ஏறாவூர் போய்ச் சேரும் மட்டும் உங்கட மூஞ்சியப் பார்த்துக்கொண்டு போனா உங்களுக்கே சலிச்சிரும்."

திருப்பினான். கல்லடிப் பாலத்தில் வாவி முழுவதும் கண்ணாடிக்குள் ஏறிக்கொண்டது. வெயில் தெறித்து, கீழே தோணியில் வலை இழுத்தவரின் கண்ணில் பட, அவர் துடுப்பைத் தூக்கி ஏசினார். பஸ்ஸில் இருந்த பெண்கள் முந்தானை சரிசெய்தார்கள். ஒருவன் மோட்டார் சைக்கிளில் இரண்டு சந்தி வரை ஓட்டோவின் பக்கத்திலேயே வந்து மீசையைச் சீவி முடித்துவிட்டுத்தான் பிரிந்தான். அஸ்கருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வியாழன் பின்னேரம், வாசல் திரைக்கு நேர் எதிர்ச் சுவரில் கண்ணாடி ஏறியது. ஏறியபின் அவன் அதை ஏழு தரம் துடைத்தான்.

வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்து அம்ஜத் இரண்டு கூட்டாளிகளோடு வந்தார். கண்ணாடியை அவர் பார்க்கவில்லை. ஆணியைச் சுற்றிச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"பூச்சு வெடிக்கல்ல," என்றார். அது பாராட்டா இல்லையா என்று அஸ்கருக்கு விளங்கவில்லை.

அந்த ஊரில் ஆண் விருந்தாளிகள் திரைக்கு முதுகு காட்டித்தான் இருப்பார்கள். அது மரியாதை. திரைக்குப் பின்னால் நின்று பெண்கள் ஓரமாக எட்டிப் பார்ப்பார்கள். அது வழக்கம். பார்க்கக் கிடைப்பது பிடரிகள்தான். இரண்டும் இத்தனை காலம் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருந்தன. அஸ்கரும் வரிசையின் கடைசிக் கதிரையில் அதேபோல இருந்தான்.

தேத்தண்ணி வந்தது. ஒரு கூட்டாளி கேட்டார்: "அங்க என்ன வேல தம்பி?"

"லொபி மனேஜர். முழு லொபியும் என்ட பொறுப்பு."

"முழு லொபியுமா!"

"நான் இல்லாட்டி ஒண்டும் மினுங்காது," என்றான் அஸ்கர். அதில் ஒரு பகுதி உண்மை.

அப்போதுதான் கண்ணாடியில் திரையின் ஓரம் அசைந்தது. அம்ஜத்தோடு வந்து உள்ளே போயிருந்த அவர் மனைவி ரிப்காவின் முகம் மேலே. அதன் கீழே ஸஹீதாவின் முகம். திரைக்குப் பின்னாலிருந்து முதல் தடவையாக ஆண்களின் முகங்களைப் பார்த்த மகிழ்ச்சியில் இருவருக்கும் வாய் திறந்திருந்தது. தாங்கள் பார்ப்பது தெரிந்தது. தங்களைப் பார்க்கலாம் என்பது தோன்றவில்லை. ஸஹீதா நெஞ்சை நிமிர்த்தினாள். இல்லாத கோட்டின் கொலரை இழுத்துவிட்டாள். பிறகு முக்காட்டு நுனியை எடுத்து, காற்றில் 'ஹா' என்று ஊதி, வட்டம் வட்டமாகத் துடைத்தாள். தலையைச் சரித்துப் பார்த்தாள். இன்னொரு 'ஹா'.

அஸ்கர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். அவன் லொபியில் கண்ணாடி துடைத்தவன். அதை அவன் ஊரில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

கூட்டாளிகளின் தோள்கள் குலுங்கின. மற்றவர் எல்லோரும் சிரித்தாலும் தாடியைத் தடவிக்கொண்டு இருக்கிற அம்ஜத்துக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. நாலு ஆண்களின் கண்களும் கண்ணாடிக்குள்ளிருந்து தன்னையே பார்ப்பதை ரிப்கா கண்டாள். "யா அல்லாஹ்!" என்று திரையைப் பிடித்து இழுத்தாள். கம்பி கழன்று திரை இருவரின் தலையிலும் விழ, உள்ளே யார் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் துணி மட்டும் அங்குமிங்கும் பாய்ந்தது.

அம்ஜத் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து சுவரைப் பார்த்தார்.

"என்ட ஆணி போயிட்டு," என்றார். எதிர்ச் சுவரைப் பார்த்தார். "மச்சான்ட ஆணி நிக்கிது." மேலே சொல்ல முடியாமல் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே போய்விட்டார்கள்.

அஸ்கர் கதிரையில் ஏறிக் கண்ணாடியைக் கழற்றப் போனான்.

"என்ன செய்றீங்க?" ஸஹீதா உள்வாசலில் நின்றாள்.

"காக்கா நல்லாயிருக்கெண்டு சொல்லல்லயே."

"இது காக்காட வீடா?"

அவன் கையை எடுத்தான்.

"எப்பயிருந்து தெரியும் ஒனக்கு?"

"ஒம்பது வருசம். கோட்டுப் போட்டு ஒரு படம் அனுப்பினீங்களே. துணியையும் போத்தலையும் முதுகுக்குப் பின்னால ஒளிச்சிட்டீங்க. முதுகுக்குப் பின்னால இரிந்தது கண்ணாடி."

பதினாறு வருசம் கண்ணாடி துடைத்தவன், கண்ணாடி என்ன செய்யும் என்பதை இரண்டு தரம் மறந்திருக்கிறான்.

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா மறுகா படம் அனுப்புவீங்களா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கதிரை ஆடியது. அவள் ஓடி வந்து கதிரைக் காலைப் பிடித்தாள். அவளும் சிரித்ததில் கதிரை இன்னும் ஆடியது.

"இரிக்கட்டும் கண்ணாடி," என்றாள். "இவ்வளவு நாளும் பிடரியப் பாத்த நாங்க. இண்டைக்குத்தான் யார் பொய் சொல்றாரெண்டு மூஞ்சியில பாத்தம். ரிப்கா மதினி தன்ட வீட்டுக்கும் ஒண்டு கேக்கிறா. ஆனா நான் துடைக்கமாட்டன். தொழில் தெரிஞ்சவர் வீட்டில இரிக்காரே."

தரையில் கிடந்த கம்பியை எடுத்து நீட்டினாள். மற்றக் கையில் சுத்தியல்.

"இதுக்கும் நீங்களே அடிங்க. ரெண்டு ஆணி."