பாலிங்கில் முப்பது மெகாபைட்

காலை ஏழரை மணிக்குச் சுங்கைப் பட்டாணியில் பாலிங் பஸ் ஏறினோம். நான், என் கணவர் அமல்ராஜ், மூன்றாவதாக ஒரு கணினிப் பெட்டி. திரை கிடையாது, வெறும் பெட்டிதான். ஆனாலும் ஒரு மூட்டை அரிசியின் கனம் கனத்தது. பழைய படுக்கை விரிப்பில் சுற்றிக் கட்டியிருந்தோம். விசைப்பலகை என் பைக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அமல் பெட்டியைத் தூக்கி ஜன்னலோர இருக்கையில் வைத்துவிட்டு, பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்துகொண்டார்.

மலாய்க்காரக் கண்டக்டர் விரிப்பைத் தூக்கிப் பார்த்து, "தீவி கா?" என்றார். தொலைக்காட்சி இல்லை, கணினி என்றேன். "டுடுக், பாயார் லா" என்று சிரித்தார். உட்கார்ந்தால் காசு கட்ட வேண்டுமாம். ஆளுக்கு இரண்டு வெள்ளி அறுபது காசு, பெட்டிக்கும் அதே. பேரம் பேச நான் வாயைத் திறப்பதற்குள் அமல் கொடுத்துவிட்டார். யாருக்கும் இல்லை என்று சொல்ல வராத மனுஷன்.

பழைய ஹார்டிஸ்க் ஒன்று வாங்க இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பீர்கள். சூடு கண்டவள் நான். இது எண்பத்தொன்பதில் நடந்தது. சுங்கைப் பட்டாணியில் ஒரு மாடியறையில் தட்டச்சுக் கடை வைத்திருந்தோம். அதற்கு முந்தைய வருஷம் ஓர் ஆசாமியிடம் இருபது மெகாபைட் என்று லேபிள் ஒட்டிய டிஸ்க் வாங்கினோம். உள்ளே இருந்தது பத்து. ஒரே மாதத்தில் அதுவும் படுத்துவிட்டது, ஒரு கல்யாணப் பத்திரிகையையும் விழுங்கிக்கொண்டு. மிஞ்சியது, டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் அட்டை மட்டும்.

அன்றைக்கே எனக்கென்று சட்டம் போட்டுக்கொண்டேன். விற்பவர் வீட்டுக்கு நம்முடைய கணினியையே தூக்கிப் போக வேண்டும். லேபிளை நம்பக் கூடாது. திரை காட்டும் எண்ணையும் நம்பக் கூடாது. டிஸ்க்கை விளிம்புவரை நிரப்பி, நிரப்பியதையெல்லாம் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். அது முடிகிறவரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. கடைசிச் சட்டத்தைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டு, "உங்கள் சாமான் சரியில்லை" என்று சொல்லும் துணிச்சல் நம் ஆட்களில் எத்தனை பேருக்கு உண்டு?

இந்தத் தடவை ஏமாந்தால் பத்திரிகையோடு போகாது. ஒரு தோட்டத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலர், இருநூறு பக்கம், எங்களுக்கு வந்திருந்தது. ஃபிளாப்பியை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்கிற வேலை இல்லை அது. அமல் தொழிற்சாலையில் சம்பளமில்லா விடுப்பில் இருந்தார். திங்கட்கிழமை வருகிறாயா, உன் இடத்தில் வேறு ஆளைப் போடவா என்று சூப்பர்வைசர் கேட்டுவிட்டார். நல்ல டிஸ்க் கிடைத்தால் கடை, கிடைக்காவிட்டால் தொழிற்சாலை. அன்று சனிக்கிழமை.

கோலா கெட்டில் தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், இலை உதிர்த்துப் புதிதாகத் துளிர்த்திருந்தன. வெயிலில் அந்த இளம் பச்சை கண்ணுக்கு இதமாக இருந்தது. குப்பாங்கில் பாதிப் பஸ் காலியாகி, காய்கறிக் கூடைகள் ஏறின. அறுபது கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மணி நேரம். பாலிங் மலை தெரிந்தது. காடு போர்த்திய சுண்ணாம்புப் பாறை, ஊரின் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறது. எங்கள் ஊரில் மலையைப் பார்க்க வேண்டுமென்றால் தூரத்து ஜெராய்தான். இங்கே கறி வாங்கிக்கொண்டு திரும்பினாலே மலை.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி நடேசன், டிஸ்க்கை விற்பவர், தன் காரோடு காத்திருந்தார். மகளுக்காக வாங்கிய கணினி மின்னலில் போய்விட்டதாம். திரையும் டிஸ்க்கும் அதன் அட்டையும் தப்பித்தன. டிஸ்க் முப்பது மெகாபைட், விலை ஐந்நூறு வெள்ளி.

"வாங்க தம்பி, வாம்மா. பசியாறிட்டீங்களா?"

"ஆச்சுண்ணே" என்றேன். பச்சைப் பொய்.

பத்து மணிக்குக் கிராணி வீட்டு மேசையில் எங்கள் பெட்டியைத் திறந்து, அவருடைய டிஸ்க்கையும் அட்டையையும் மாட்டி, அவருடைய திரையை இணைத்தோம். முப்பது மெகாபைட் என்றே எண் வந்தது.

"பாத்தீங்களா? நான் பொய் சொல்ற ஆளில்லைலா" என்றார் நடேசன்.

"சும்மா ஒரு டெஸ்டுதாண்ணே" என்று நிரப்பத் தொடங்கினேன். ஒரே கோப்பைப் பெயர் மாற்றி மாற்றி நகலெடுக்கும் வேலை. டிஸ்க் கோழி கிளறுவதுபோல் சத்தம் போட்டது. அவர் மனைவி பார்வதி அக்கா முதலில் காப்பி கொண்டுவந்தார், பிறகு மைலோ, பிறகு பழம். எல்லாவற்றையும் அமல் ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, "அப்புறம்க்கா" என்றார். அடுப்படியிலிருந்து கோழிக் கறி வாசம் வந்தபோது எனக்கே கண் இருட்டியது.

பன்னிரண்டு மணிக்கு டிஸ்க் நிரம்பியது. முழு முப்பது. பார்வதி அக்கா தட்டுகளைப் பரப்பிவிட்டு வந்து என் கையைப் பிடித்தார்.

"ஏம்மா, ஒரு வாய் தண்ணி கூட குடிக்கலே. எங்க வீட்டுல சாப்பிட மாட்டீங்களா?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. எங்களைப் போலச் சர்ச்சுக்குப் போகிறவர்கள் சாமி கும்பிடுகிற வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்று எண்ணிவிட்டாரோ? எனக்கும் அந்த டிஸ்க் வேண்டும் என்ற ஆசை தலைக்கேறியிருந்தது. எண் சரி, நிரம்பியதும் சரி, இன்னும் என்ன? "போதுங்க, மூடிருங்க. சாப்பிடுவோம்" என்று பணப்பையைத் திறந்தேன்.

"இன்னும் படிச்சுப் பாக்கலே ஸ்டெல்லா" என்றார் அமல். பார்வதி அக்காவைப் பார்த்துக் கை கூப்பினார். "அக்கா, மன்னிச்சுக்குங்க. ஒரு மணி நேரம். முடிஞ்சதும் நானே கேட்டு வாங்கிச் சாப்பிடுறேன்."

பஸ்ஸில் பெட்டிக்கு டிக்கெட் எடுத்த மனுஷன்தானா இது என்று பணப்பையை மூடினேன்.

படிக்கத் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. திரையில் பிழை என்று வந்தது. இரண்டு கோப்பு தள்ளி மறுபடி பிழை. பிறகு வரிசையாக.

நடேசனுக்கு முகம் சிவந்தது. "உங்க பெட்டிலதான் கோளாறு. பினாங்குல முப்பதுக்குக் காசு கட்டி வாங்கினது இது!"

அமல் டிஸ்க்கைக் கழற்றித் திருப்பினார். லேபிளின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். அடியில் இன்னொரு லேபிள் இருந்தது: இருபது. இருபதுக்குச் செய்த தட்டில் முப்பதை நெருக்கித் திணிக்கும் அட்டை உண்டு. அதற்கென்றே செய்த டிஸ்க் என்றால் தாங்கும். மற்றதில் எண்ணும் சரியாக இருக்கும், எழுதவும் எழுதும். திரும்பக் கேட்கும்போதுதான் கை விரிக்கும்.

கிராணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு வருஷமா வீட்டுல வச்சிருக்கேன்மா. எனக்குத் தெரியாதுமா" என்றார் மெல்ல. நான் நம்பினேன்.

அவருடைய அட்டையைக் கழற்றிவிட்டு, பையில் கொண்டுவந்திருந்த எங்கள் பழைய அட்டையை மாட்டினோம். டிஸ்க்கை முதலிலிருந்து இருபதாகவே தயார் செய்து, நிரப்பி, படித்துப் பார்த்தோம். ஒரு பிழை இல்லை. மலருக்கு இருபது தாராளம். நடேசன் தானாகவே முந்நூறு போதும் என்றார். மணி மூன்றரை. அமல் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார். பார்வதி அக்கா கோபமெல்லாம் மறந்து, "இந்தப் பசியையா இவ்வளவு நேரம் அடக்கி வச்சிருந்தீங்க?" என்று கறியை அள்ளி ஊற்றினார்.

மாலை ஐந்து மணிக்குப் பாலிங் பஸ் நிலையத்தில் கேட்டேன். "எப்படிங்க அந்த அக்காகிட்ட முடியாதுன்னு சொன்னீங்க? எனக்கே வாய் வரலே."

"கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த டிஸ்க்க நம்பி வேலைய விடப் போறவன் நான்லா" என்றார். பிறகு என்னிடம் சில்லறை வாங்கிக்கொண்டு, சூப்பர்வைசரைக் கூப்பிடப் பொதுத் தொலைபேசிக்குப் போனார். திங்கட்கிழமைவரை பொறுக்கவில்லை அவருக்கு. பெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"அண்ணே, அமல் பேசுறேன். நான் வரலேண்ணே. என் இடத்த வேற யாருக்காச்சும் குடுத்துருங்க."

ரிசீவரை வைத்துவிட்டு வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.