பின்னால் ஊற்றிய தண்ணீர்

இது நடந்தது. நெவெனா சொல்லிக் கேட்டேன். அந்த அறையில் இருந்த இன்னொருவரும் பிறகு அதையே சொன்னார். நகரத்தின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். அந்தச் சட்டக் கல்லூரியில் இன்னும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

ஜனவரி மாதம். ரோமானியச் சட்டத் தேர்வு. பேராசிரியர் எதிரே அமர்ந்து, சீட்டு எடுத்து, வந்த கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். நெவெனா இருமுறை தோற்றிருந்தாள். இம்முறையும் தோற்றால் அரசு செலவில் படிக்கும் இடம் பறிபோகும். சொந்தச் செலவில் படிக்க வைக்க அப்பாவின் ரொட்டிக்கடையால் இயலாது.

தேர்வுக்குப் புறப்படுபவரின் பின்னால் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவது அங்கே வழக்கம். காரியம் தண்ணீர்போல் தடையின்றி ஓட வேண்டும் என்பதற்காக. அன்று நெவெனாவின் அறைத்தோழி ஊருக்குப் போயிருந்தாள். ஊற்ற ஆளில்லை.

மாலைக்குள் இருட்டிவிட்டது. இடைகழியில் எஞ்சியிருந்தவர்கள் இருவர். நெவெனாவுடன் படிக்கும் போக்தான் முதலில் உள்ளே போனான். போன வேகத்தில் திரும்பினான்.

"என்னடா ஆச்சு?"

"அஞ்சு." ஐந்து என்றால் தோல்வி; ஆறிலிருந்து பத்துவரை தேர்ச்சி. "அந்தாளு மூஞ்சியப் பார்த்ததும் எங்கப்பன் பேரே மறந்துபோச்சு. ரோமாபுரி எங்க ஞாபகம் வரும்?"

"பயமா இருக்குடா."

"போ. நல்லபடியா முடியும்." அவள் வாய் திறக்குமுன் கையை உயர்த்தினான். "நன்றின்னு சொல்லித் தொலைக்காத. சொன்னா வாழ்த்து சொன்னவனுக்கே திரும்பிடும். எனக்குத்தான் அஞ்சு போட்டாச்சே, வீணாப்போயிடும்."

அவன் காலடி ஓசை படிகளில் இறங்கித் தேய்ந்தது.

கதவு சற்றே திறந்தது. உதவிப் பேராசிரியை ராதோய்கா, நெவெனாவின் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போனார். நெவெனா எழுந்தாள்.

சளக்...

குதிகாலில் பனிபோல் ஈரம். திரும்பினாள். வெற்றுக் குவளையுடன் ஓர் இளைஞன் நின்றிருந்தான். அந்தக் குளிரில் அவள் மூச்சு வெண்புகையாகத் தெரிந்தது. அவன் பேசியபோது எதுவும் தெரியவில்லை. அதை அவள் பிறகுதான் எண்ணிப் பார்த்தாள்.

"நல்லபடியா முடியட்டும்ங்க."

பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது. "ரொம்ப நன்றிங்க."

அவன் சிரித்தான். நெடுங்காலம் காத்திருந்தவன் சிரிப்பதைப்போல.

உள்ளே அமர்ந்தாள். சீட்டு எடுத்தாள். எல்லாம் தெரிந்த கேள்விகள்.

வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

"ம்... சரி," என்றார் பேராசிரியர். "மேல சொல்லு."

அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"நல்லா சொன்ன. அடுத்தது."

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்தார்.

கழுத்தில் குளிர்...

ராதோய்காவின் பேனா கீழே விழுந்தது.

"எட்டு. வாழ்த்துகள், வுக்காஷின்."

பின்னால் கதவு மூடியது. திறந்த ஓசை கேட்கவில்லை.

பேராசிரியர் கண்களைக் கசக்கினார். "நீ எப்போ வந்து உக்காந்த? சரி, ஆரம்பி."

குரல் கடைசிவரை வரவில்லை. ஐந்து.

ராதோய்கா இடைகழியில் அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

"வுக்காஷின் எங்கூடப் படிச்சவன். இதே பெஞ்சுலதான், கடைசி ஆளா உக்காந்திருந்தான். தனக்கு ஊத்த யாருமில்லன்னு குவளையில தண்ணியோட, யாராவது வருவாங்கன்னு பார்த்துக்கிட்டு... பேர் கூப்பிட்டப்போ எழுந்திருக்கல. போயி தொட்டேன். மூச்சு இல்ல."

நெவெனா அந்தப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்கப்புறம் ஒவ்வொரு ஜனவரியும் கடைசியா வர்ற பிள்ளைங்க சொல்லுவாங்க, யாரோ தண்ணி ஊத்தி வாழ்த்தினாங்கன்னு. அவங்க எல்லாருமே பாஸ். ஒருத்தர்கூட நன்றி சொன்னதில்ல."

அந்த ஜனவரிக்குப் பின் அங்கே தண்ணீர் விழும் ஓசையை யாரும் கேட்டதில்லை. நெவெனா இன்று அப்பாவின் ரொட்டிக்கடையில் இருக்கிறாள். யாராவது வாழ்த்தினால், தலையை மட்டும் அசைக்கிறாள்.